காளான் சத்து: வாசகர் கேள்விகளும் பதில்களும்

மயிலாப்பூர் வாசகர்: காளானில் உள்ள ஆன்டிஆக்ஸிடன்ட் எது? சமைத்தால் போய்விடுமா?

முக்கியமானது எர்கோதயோனைன், கந்தகம் சேர்ந்த ஓர் அமினோ அமிலம். நம் உடலால் இதைத் தயாரிக்க முடியாது. ஆனால் இதைச் செல்லுக்குள் இழுத்துக்கொள்ளவே ஒரு புரதம் நம்மிடம் இருப்பதை 2005-ல் கண்டுபிடித்தார்கள். பட்டன் காளானைவிடச் சிப்பிக் காளானிலும் ஷிடாகே காளானிலும் இது அதிகம். சூட்டைத் தாங்கும், தண்ணீரில் கரையும். அதனால் வேகவைத்து வடித்த நீரைக் கொட்டாதீர்கள், ரசத்திலோ குழம்பிலோ சேருங்கள். அகலமான வாணலியில் எண்ணெய் இல்லாமல் 200 கிராம் போட்டால் காளானே நீர் விடும். அந்த நீர் திரும்ப வற்றும்வரை வதக்கி, பிறகு ஒரு தேக்கரண்டி எண்ணெய், மிளகு. எண்ணெயில் பொரித்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் திறன் குறைகிறது.

குரோம்பேட்டை வாசகர்: பச்சையாக சாலட்டில் போடலாமா?

வேண்டாம். காளானின் செல்சுவர் கைட்டின் என்ற கடினமான பொருளால் ஆனது, பச்சையாகச் செரிப்பது கடினம். பட்டன் காளானில் நச்சுத்தன்மை இருக்கலாம் என்று கருதப்படும் அகாரிட்டின் என்ற சேர்மமும் உண்டு, சமைத்தால் பெருமளவு குறையும்.

தாம்பரம் வாசகர்: மழைக்குப் பிறகு மைதானத்தில் முளைக்கும் வெள்ளைக் காளானில் சத்து அதிகமாமே?

பறிக்காதீர்கள். அப்படி வெள்ளையாகப் புல்வெளியில் முளைக்கும் பச்சை வித்துக் குடைக்காளான் கடும் வாந்தி, பேதி தரும்.

அம்பத்தூர் வாசகர்: மொட்டைமாடி வெயிலில் வைத்தால் வைட்டமின் டி வருமா?

வரும். காளானிலுள்ள எர்கோஸ்டெரால் என்ற கொழுப்புப் பொருள், புற ஊதாக் கதிர் பட்டு வைட்டமின் டி2 ஆகிறது. நறுக்கி, குடையின் அடியிலுள்ள செவுள் பக்கம் மேலே பார்க்க, பகல் 11 மணியிலிருந்து 1 மணிக்குள் அரை மணி நேரம் வையுங்கள். ஜன்னல் கண்ணாடிக்குப் பின்னால் வைத்தால் பலனில்லை, தேவையான கதிரைக் கண்ணாடி தடுத்துவிடும்.

பெரம்பூர் வாசகர்: அம்பத்தூர்க்காரருக்குத் தவறான யோசனை! வெயிலில் காளான் கறுத்துப்போகும், சத்தே அழியும்.

கறுப்பது டைரோசினேஸ் நொதியின் வேலை. நறுக்கியதும் பீனால் சேர்மங்களைக் காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்த்து மெலனின் என்ற கருநிறமி ஆக்குகிறது. பீனால் கொஞ்சம் குறையும், எர்கோதயோனைன் எளிதில் அழியாது.

அம்பத்தூர் வாசகர்: அப்படியானால் நாள் முழுக்க வைக்கலாமா?

கூடாது. சென்னை ஈரக்காற்றில் பாதி காய்ந்து பிசுபிசுக்கும், பூஞ்சணம் பிடிக்கும். உலர்த்துவது தனி வேலை. 4 மில்லிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, ஓவனில் 50 முதல் 60 டிகிரியில், மடித்தால் சட்டென்று ஒடியும்வரை. வளைந்தால் இன்னும் ஈரம் இருக்கிறது.

பெரம்பூர் வாசகர்: ஆனால் கறுத்ததை யார் சாப்பிடுவார்கள்?

நிறத்தைப் பார்க்காதீர்கள். தொட்டால் வழவழப்பும் புளித்த வாடையும் இருந்தால் குப்பைக்கு. பிளாஸ்டிக் உறையில் வியர்த்துத்தான் அப்படி ஆகிறது. வாங்கியதும் காகிதப் பைக்கு மாற்றுங்கள்.

வேளச்சேரி வாசகர்: வேகவைத்தால் ஆன்டிஆக்ஸிடன்ட் போகுமா?

மயிலாப்பூர் வாசகருக்கு எழுதியதைப் படியுங்கள்.

ஆவடி வாசகர்: சோற்றோடு வேகவைத்து, சோறு கறுக்காவிட்டால் காட்டுக் காளானைச் சாப்பிடலாம்தானே?

மறுபடியும் சொல்கிறேன்: கூடாது. சோறு, வெள்ளிக்காசு, பூண்டு எதுவும் நஞ்சைக் காட்டாது. கொடிய அமானிட்டா வகைக் காட்டுக் காளான்களின் நஞ்சு கொதித்தாலும் அழியாது. பெரும்பாலும் 6 மணி நேரம் கழித்தே வாந்தி தொடங்கும். பிறகு தேறியதுபோல் இருக்கும், அந்த நேரத்தில் கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும். சாப்பிட்டுவிட்டால் வாந்திக்காகக் காத்திருக்காமல், மீதிக் காளானையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள்.