உத்திரம் விழுந்தது சரி, பெயர்ந்த கல் எங்கே?

கேள்வி: மதுரை எஸ்.எஸ். காலனியில் குடியிருக்கிறேன். கொடைக்கானலில் எங்களுக்கு ஒரு சிறிய வீடு உண்டு. அங்கே கூடத்தில் கணப்பு (குளிர்காய நெருப்பு மூட்டும் இடம்) உள்ள செங்கல் சுவருக்கு முகப்பில் கல் பதித்திருக்கிறோம். காரைக்குடிப் பக்கம் இடித்த வீடு ஒன்றிலிருந்து வாங்கிய பழைய தேக்கு உத்திரத்தைக் கணப்புக்கு மேலே பொருத்தும் வேலையை, உள் அலங்கார வேலை எடுத்துச் செய்யும் ஒருவரிடம் கொடுத்தேன். என் மனைவிக்குத் தம்பி முறை. கூலி 42,000 ரூபாய் என்று பேசி 30,000 கொடுத்துவிட்டேன். ஐந்தாவது வாரம் நடு இரவில் உத்திரம் கல்லோடு பெயர்ந்து விழுந்து, கீழே இருந்த கிரானைட்டும் டிவியும் உடைந்தன. நல்லவேளை, யாருக்கும் அடி இல்லை. மாட்டியவர் இப்போது போனை எடுப்பதில்லை. ஒரு கல்யாண வீட்டில் பத்துப் பேர் முன்னால், ‘மாமாதான் அப்படி மாட்டச் சொன்னார்’ என்று அவமானப்படுத்தினார். மோசடி என்று போலீசில் புகார் கொடுக்கலாமா? மன உளைச்சலுக்கு 10 லட்சம் கேட்கலாமா? மே மாதம் பேரப்பிள்ளைகள் வருவதால் வரும் திங்கட்கிழமை கொத்தனாரை வரச் சொல்லியிருக்கிறேன்.

பதில்: முதல் வேலையாகக் கொத்தனாரை வர வேண்டாம் என்று சொல்லுங்கள். மற்றதை அப்புறம் பேசலாம்.

நீங்கள் எழுதியது நான்கு பக்கம். அதில் மூன்று பக்கம் கல்யாண வீடும் எடுக்காத போனும்தான். உங்கள் வருத்தம் புரிகிறது, ஆனால் அதை வைத்து வழக்கு நடத்த முடியாது. போலீஸ் புகாரும் வேண்டாம். ஏமாற்றும் எண்ணத்தோடுதான் ஆரம்பத்திலேயே பணம் வாங்கினார் என்று காட்டினால்தான் மோசடி. ஒருவர் வந்தார், மாட்டினார், மாட்டியது நிற்கவில்லை என்றால் அது சேவைக் குறைபாடு. கொடைக்கானல் ஸ்டேஷனுக்குப் போனாலும் ‘சிவில் மேட்டர் சார்’ என்றுதான் சொல்வார்கள், அது சரியும்கூட. அவர் மனைவிக்குத் தம்பி முறை என்பதும் சட்டத்துக்கு ஒரு பொருட்டில்லை. கூலி கொடுத்திருக்கிறீர்கள், அது போதும். வீடு திண்டுக்கல் மாவட்டத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருப்பது மதுரை என்பதால் மதுரை மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனுப் போடலாம். இரண்டு வருடம் கெடு இருக்கிறது, அவசரமில்லை.

இதில் பார்க்க வேண்டிய விஷயம் ஒன்றே ஒன்றுதான்: உத்திரத்தை எதில் பிடிக்க வைத்தார், அந்த முடிவை எடுத்தது யார்?

உங்கள் அளவுப்படி உத்திரம் 6 அடி நீளம், 10 அங்குல அகலம், 6 அங்குல கனம். இரண்டரை கன அடி வருகிறது. தேக்கு கன அடிக்கு சுமார் 18 கிலோ என்று வைத்தால் 45 கிலோ, ஏறக்குறைய ஒரு மூட்டை சிமென்ட். அதற்கு மேல் குத்துவிளக்கும் பித்தளைச் செம்பும் அடுக்கியிருந்ததாக நீங்களே எழுதியிருக்கிறீர்கள். பதித்த கல் இந்தப் பாரத்தைத் தாங்காது. கல்லைத் துளைத்து, பின்னால் இருக்கும் செங்கல் சுவருக்குள் ஆழமாகக் கம்பி இறக்கி, கம்பியைச் சுவரோடு ஒட்டிப் பிடிக்கும் கெமிக்கல் ஊற்றி இறுக விட்டு, அந்தக் கம்பியில்தான் உத்திரத்தைச் செருக வேண்டும். கல்லோடு சேர்ந்து பெயர்ந்தது என்கிறீர்கள். அப்படியென்றால் போல்ட் கல்லைத் தாண்டிச் சுவருக்குள் போகவே இல்லை என்றுதான் தோன்றுகிறது. ஆனால் எனக்குத் தோன்றுவதை ஆணையம் எடுத்துக்கொள்ளாது. அதை நிரூபிக்கக்கூடிய பொருள், பெயர்ந்த கல்லும் சுவரில் உள்ள துளையும் மட்டும்தான். இரண்டையும்தான் திங்கட்கிழமை கொத்தனார் சாந்து போட்டு மூடப் போகிறார்.

இதே மாதிரி ஒரு வழக்கு எனக்கு மறக்காது. சில வருடங்களுக்கு முன்பு திருமங்கலம் பக்கத்திலிருந்து ஒருவர் வந்தார். மாடிப்படிக் கைப்பிடி கழன்று விழுந்திருந்தது. வீட்டில் விசேஷம் என்பதால் இரண்டே நாளில் வேறு ஆளை வைத்துப் புதுக் கைப்பிடி போட்டுவிட்டு, அதற்கப்புறம் என்னிடம் வந்தார். கையில் பன்னிரண்டு போட்டோ. எல்லாமே பெருக்கித் துடைத்த பிறகு எடுத்தவை. ஒன்றில்கூடத் துளை தெரியவில்லை. ‘நான் நாலு அங்குல போல்ட்தான் போட்டேன், இவர் வீட்டுப் பிள்ளைகள் தொங்கி விளையாடியிருக்கும்’ என்று எதிர்த்தரப்பு எழுதிக் கொடுத்தது. மறுத்துக் காட்ட எங்களிடம் ஒன்றும் இல்லை. நுகர்வோர் வழக்கில் கூண்டில் ஏற்றிக் குறுக்கு விசாரணை செய்து உண்மையை வாங்கிவிடலாம் என்று யாரும் நினைக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின் 38(6) பிரிவுப்படி பிரமாணப் பத்திரமும் ஆவணமும்தான் பேசும். அவர் தோற்றார். வேலை நன்றாக இருந்ததால் தோற்கவில்லை, மோசம் என்று காட்ட முடியாததால் தோற்றார்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது இது. ஒவ்வொரு துளையிலும் ஒரு பென்சிலை உள்ளே போகும்வரை விட்டு, வாய் ஓரத்தில் கோடு போட்டு, வெளியே எடுத்து ஸ்கேல் பக்கத்தில் வைத்துப் படம் எடுங்கள். துளை கல்லின் நடுவில் இருக்கிறதா, இரண்டு கல்லுக்கு நடுவே சாந்துப் பட்டையில் இருக்கிறதா என்பது தெரியட்டும். பெயர்ந்த கற்களைக் கழுவாமல் சிமென்ட் சாக்கில் போட்டுக் கட்டி வையுங்கள். பின்பக்கம் ஒட்டியிருக்கும் சாந்துதான் முக்கியம். ராவல் பிளக் (துளைக்குள் செருகும் பிடிப்பு உறை), வளைந்த போல்ட் எது கிடந்தாலும் எறிய வேண்டாம். அப்புறம் அனுபவமுள்ள ஒரு சிவில் இன்ஜினீயரை அழைத்துப் போய்ப் பார்க்கச் சொல்லி அறிக்கை வாங்குங்கள். அவர் வரும் நாளையும் நேரத்தையும் மைத்துனருக்கு முன்கூட்டியே பதிவுத் தபாலில் சொல்லிவிடுங்கள். வராவிட்டால் அது அவர் பாடு. வழக்கு என்று போனால், ஆணையத்திடம் கேட்டு இடத்தை நேரில் பார்த்து அறிக்கை தரும் வழக்கறிஞர் ஆணையரையும் அனுப்பச் சொல்லலாம். அவர் வரும்போதும் சுவர் அப்படியே இருக்க வேண்டும். பேரப்பிள்ளைகள் ஒரு கோடை விடுமுறைக்கு ஓட்டைச் சுவரைப் பார்த்தால் ஒன்றும் ஆகாது. கீழே விளையாட விடாதீர்கள், அவ்வளவுதான்.

இனி நீங்கள் விரும்பாத விஷயத்துக்கு வருகிறேன். மூன்றாம் பக்கத்தில் போகிறபோக்கில் ஒரு வரி: ‘கல்லை ரொம்பக் குடைய வேண்டாம், அழகு கெட்டுவிடும் என்று வாட்ஸ்அப்பில் குரல் பதிவு அனுப்பியிருந்தேன்.’ ஐயா, எதிர்த்தரப்பு வழக்கு முழுவதும் அந்த ஒரு வரியில் இருக்கிறது. கல்யாண வீட்டில் அவர் சொன்னது வெறும் வாய்ப்பேச்சு இல்லை, கையில் வைத்துக்கொண்டுதான் பேசியிருக்கிறார்.

அதனால் வழக்கே போய்விட்டது என்று அர்த்தமில்லை. தொழில் தெரிந்தவர் அவர். ‘குடையாமல் மாட்டினால் நிற்காது’ என்று சொல்வது அவர் வேலை. சட்டத்தில் சேவைக் குறைபாடு என்பதற்கான விளக்கத்திலேயே, கவனக்குறைவோடு, தெரிவிக்க வேண்டியதை வேண்டுமென்றே மறைப்பதும் சேர்ந்திருக்கிறது. ஆனால் உங்கள் பதிவுக்கு அவர் என்ன பதில் போட்டார் என்று எழுதவில்லையே. ‘சரி மாமா’ என்று மட்டும் இருந்தால் உங்களுக்குச் சாதகம். ‘அப்படி மாட்டினால் ரிஸ்க், உங்கள் பொறுப்பு’ என்று இருந்தால் நான் இந்த வழக்கை எடுக்க யோசிப்பேன். எதுவாக இருந்தாலும் அழிக்காதீர்கள். இன்னொரு பிரதி அவர் போனில் இருக்கிறது. நீங்கள் அழித்து அவர் தாக்கல் செய்தால், மறைத்தவர் என்ற பெயரும் உங்களுக்கே. போனையும் மாற்ற வேண்டாம். மின்னணுப் பதிவுக்கு பாரதிய சாக்ஷ்ய அதினியம் (சாட்சியச் சட்டம்) 63ஆம் பிரிவுச் சான்றிதழ் தயார் செய்ய அது வேண்டும்.

இன்னொன்று, அந்த வீட்டைச் சீசனில் வாடகைக்கு விடுவதில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். விடுகிறீர்கள் என்றால் மறைக்காமல் சொல்லுங்கள். ‘வணிக நோக்கம், இவர் நுகர்வோரே இல்லை’ என்று முதல் வாய்தாவிலேயே ஆட்சேபம் வரும்.

10 லட்சத்தை மறந்துவிடுங்கள். உடைந்த கிரானைட், டிவி இரண்டும் சேர்ந்து 55,000 என்று பில் வைத்திருக்கிறீர்கள். உங்கள் உண்மையான நஷ்டம் அதுவும் கொடுத்த கூலியும்தான். குரல் பதிவைப் பார்த்துவிட்டு ஆணையம் அதிலும் ஒரு பகுதியைக் குறைக்கலாம். இதற்காக வருடக்கணக்கில் அலைய வேண்டுமா? என்னைக் கேட்டால், இன்ஜினீயர் அறிக்கை கைக்கு வந்ததும் வக்கீல் நோட்டீஸ் ஒன்று அனுப்பிவிட்டு, இரண்டு பேருக்கும் பொதுவான ஒரு பெரியவரை வைத்துப் பேசி முடியுங்கள். பாக்கி 12,000 நீங்கள் தர வேண்டியதில்லை, அதற்கு மேல் அவர் 35,000 தர வேண்டும் என்று முடிந்தால் கையெழுத்துப் போடுங்கள். ‘நானே திரும்ப மாட்டித் தருகிறேன்’ என்பார், ஒப்புக்கொள்ளாதீர்கள். மாட்டுவதை வேறு ஆள் பார்க்கட்டும். பேசியதை எழுத்தில் வாங்குங்கள், பணம் கணக்கில் ஏறிய பிறகே ‘இனி எந்தப் பாத்தியமும் இல்லை’ என்ற வரியில் கையெழுத்து.

அதுவரை உத்திரத்தையும் யாரும் இழைக்க வேண்டாம், பாலிஷ் போட வேண்டாம். அதன் முதுகில் உள்ள துளைகளும் அளக்க வேண்டியவைதான்.