பதில் வராத ஜெபமும் ஆராதனையும்

"வருஷக்கணக்கில் ஜெபித்தும் பதில் இல்லை. ஆண்டவரிடம் ஒப்புக்கொடுத்துவிட்டுச் சந்தோஷமாகக் காத்திரு என்கிறார்கள். அப்படியென்றால் கேட்பதையே விட்டுவிட வேண்டுமா? மனம் கசந்து கிடக்கும்போது பாட்டுப் பாடினால் அது பொய்யாகாதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேட்பதை விடாதீர்கள். ஒப்புக்கொடுத்தல் என்ற பெயரில் எத்தனையோ பேர் ஆண்டவரிடம் வாய் திறக்காமலேயே இருந்துவிடுகிறார்கள். சிலுவைக்கு முந்தின இரவு கெத்செமனே தோட்டத்தில் இயேசு பிதாவின் சித்தம் ஆகட்டும் என்றதை எல்லோரும் சொல்வார்கள். அதே ஜெபத்தில் இந்தப் பாத்திரம், அதாவது வரப்போகும் பாடு, என்னைவிட்டு நீங்கட்டும் என்றும் கேட்டாரே! மூன்று தரம் போய் ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார். ஆசையை ஒளிக்கவில்லை, முடிவைத் தன் கையில் வைத்துக்கொள்ளவும் இல்லை. எனக்குத் தெரிந்த ஒப்புக்கொடுத்தல் இதுதான்.

எங்கள் வீடு களியக்காவிளைப் பக்கம். என் கணவருக்கு மாற்றுச் சிறுநீரகம் வேண்டிக் காத்திருக்கிறோம்; டயாலிசிசுக்காக எல்லை தாண்டிக் கேரளத்துக்குப் போய் வருகிறோம். அதனால் உங்கள் கேள்வி எனக்கும் உரியது.

எங்கள் ஊருக்குப் பக்கத்து நட்டாலத்தில் 1712-ல் பிறந்தவர் தேவசகாயம் பிள்ளை. நான் சி.எஸ்.ஐ. (தென்னிந்தியத் திருச்சபை) சபைக்காரி, அவரோ கத்தோலிக்கப் புனிதர். ஆனாலும் இந்தப் பக்கத்தில் அவர் கதை எல்லோருக்கும் சொந்தம். குடும்பத்தில் நஷ்டத்துக்கு மேல் நஷ்டம் வந்து நொந்திருந்தவருக்கு, 1741-ல் குளச்சல் போரில் பிடிபட்டுத் திருவிதாங்கூர் படையில் சேர்ந்த டச்சுப் படை அதிகாரி டிலனாய், வேதாகமத்தில் வரும் யோபுவின் கதையைச் சொன்னாராம். 1745-ல் ஞானஸ்நானம் பெற்றார். அப்புறம் கைது, சித்திரவதை. 1752-ல் ஆரல்வாய்மொழிக் காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். விடுதலை வரவே இல்லை. 2022-ல் புனிதர் பட்டம் கிடைத்ததை அவருடைய காத்திருப்புக்கு வந்த பதில் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. ஆண்டவர் கூட இருக்கிறார் என்பது ஒன்றே அவரைத் தாங்கியிருக்க வேண்டும்.

அவருக்குச் சொல்லப்பட்ட அந்த யோபுவையே எடுத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகளைப் பறிகொடுத்த அன்றே தரையில் விழுந்து பணிந்துகொள்கிறான். அது முதலாம் அதிகாரம். கர்த்தர் பேசத் தொடங்குவது 38-ஆம் அதிகாரத்தில். நடுவில் யோபு பேசுவதில் பெரும்பகுதி முறையீடு, வழக்கு, பிறந்த நாளுக்கே சாபம். ஆனால் கடைசியில், தன்னைக் குறித்துச் சரியாகப் பேசியவன் யோபுதான் என்று கர்த்தர் சொல்கிறார். அழகாக உபதேசம் பண்ணிய சிநேகிதர்களைக் கடிந்துகொள்கிறார். கசப்போடு அவர் முன்னால் போய் நிற்பது பொய்யான ஆராதனை இல்லை. கசப்பே இல்லாததுபோல நடித்துக்கொண்டு நிற்பதுதான் பொய்.

சந்தோஷம்? அதை வரவழைக்க முடியாது என்பது என் எண்ணம். ஆராதனைக்குப் போவது நம் கையில் இருக்கிறது, சந்தோஷம் அவர் கொடுப்பது. ஆஸ்பத்திரி வராந்தாவில் பாறசாலைக்கார அக்கா ஒருவர் எங்களைப் போலவே காத்திருப்பார். அவர் மலையாளத்தில் ஜெபிப்பார், நான் தமிழில். அவர் வீட்டுக்காரருக்காக நானும் என் வீட்டுக்காரருக்காக அவரும் கேட்போம். சில நாள் ஜெபம் முடிந்ததும் இருவருக்கும் காரணமே இல்லாமல் சிரிப்பு வந்துவிடும். ரிப்போர்ட்டில் எதுவும் மாறியிருக்காது. உங்களுக்கும் அப்படி ஒரு ஆளைத் தேடிக்கொள்ளுங்கள், தனியாகக் காத்திருப்பது ரொம்பக் கஷ்டம்.

சங்கீதம் 13-ஐச் சத்தமாக வாசித்துப் பாருங்கள். மொத்தமே ஆறு வசனம். முதல் இரண்டு வசனத்துக்குள் "எதுவரைக்கும்" என்று நான்கு தரம் கேட்கிறார் தாவீது. ஆறாம் வசனத்தில் பாடுவேன் என்கிறார். நடுவில் நிலைமை மாறியதாக ஒரு வார்த்தையும் இல்லை. ஆறாம் வசனத்துக்கு நாக்கு எழவில்லை என்றால் இரண்டாம் வசனத்தோடு நிறுத்திக்கொள்ளுங்கள், பரவாயில்லை. நாளைக்கு அங்கிருந்து தொடங்கலாம்.