மூன்றே கேம்கள் வந்த ‘மதர்’ தொடருக்கு ஏன் இத்தனை தீவிர ரசிகர்கள்?

அமெரிக்காவில் ‘எர்த்பவுண்ட்’ என்ற பெயரில் அறிமுகமான ஜப்பானிய ஆர்பிஜி தொடர் இது; அதாவது ஒரு கதாபாத்திரமாகவே மாறிக் கதைக்குள் பயணிக்கிற கேம் வகை. கடைசி பாகம் வந்ததே 2006-இல். அதற்குப் பிறகு ஒன்றுமே வராத தொடரை இன்றுவரை ஏன் கொண்டாடுகிறார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். விளையாடுகிறவரை ஒரு ஆளாக மதித்து, அவர் முகம் பார்த்துப் பேசுகிற கேம்கள் இவை. அப்படி ஒருமுறை பேச்சுக் கொடுத்தவர்களை அவ்வளவு லேசில் விட்டுவிட மனம் வராது. என் அனுபவமும் இதுதான்.

இதை உருவாக்கிய ஷிகேசாதோ இதோய் கேம் துறையிலிருந்து வந்தவரே இல்லை. விளம்பர வாசகங்கள் எழுதி ஜப்பான் முழுக்கப் புகழ்பெற்றவர். ‘டிராகன் குவெஸ்ட்’ என்ற ராஜா காலத்து ஆர்பிஜியை ஆடி அதில் ஊறிப்போனவருக்கு, வாளும் அரண்மனையும் இல்லாமல் நம் காலத்திலேயே நடக்கிற ஒரு ஆர்பிஜி செய்ய வேண்டும் என்று ஆசை. அதை கேம் நிறுவனமான நின்டெண்டோவிடம் கொண்டுபோனார். 1989 ஜூலை 27 அன்று டிவியில் மாட்டி ஆடுகிற அவர்களுடைய ஃபேமிகாம் கன்சோலில் முதல் ‘மதர்’ வந்தது. கதை நடப்பது 1988-இல், அமெரிக்கச் சிற்றூர் ஒன்றில். நாயகனுக்கு ஆயுதம் பேஸ்பால் மட்டை. அப்பா கதை முழுக்கத் தொலைபேசிக் குரலாக மட்டுமே வருவார்; அவரைக் கூப்பிட்டால்தான் ஆட்டம் சேவ் ஆகும். நாயகன் நின்டனுக்கு ஆஸ்துமா உண்டு. சண்டையில் எதிரி வண்டி புகையைக் கக்கினால் மூச்சுத் திணறி அவனால் எதுவும் செய்ய முடியாமல் போகும். உலகத்தைக் காக்கப் போகிற பையனுக்கு வீசிங் வரும் என்று 1989-இல் யார் யோசித்திருப்பார்கள்?

இரண்டாம் பாகம் கிட்டத்தட்ட கருவிலேயே கலைந்திருக்கும். வருடக்கணக்காக இழுத்தடித்து, புரோகிராம் சிக்கலாகி, கைவிட வேண்டிய நிலை. அப்போது உதவிக்கு வந்தவர் ஹெச்ஏஎல் என்ற கேம் நிறுவனத்தின் சதோரு இவாதா. இருப்பதைச் சரிசெய்தால் இரண்டு வருடம் ஆகும், முதலிலிருந்து எழுதினால் ஆறு மாதத்தில் முடியும் என்றார். எழுதச் சொன்னார்கள், சொன்னபடி ஓட வைத்துக் காட்டினார். மெருகேற்றி முடித்து 1994 ஆகஸ்ட் 27 அன்று ‘மதர் 2’ சூப்பர் ஃபேமிகாமில் வெளியானது. இதே இவாதாதான் 2002-இல் நின்டெண்டோவின் தலைவரானார். இந்தத் தொடரை உருவாக்குவதில் பங்கேற்ற ஏப் நிறுவனத்தின் வழிவந்ததுதான் கிரியேச்சர்ஸ்; பின்னாளில் போக்கிமானில் பங்கு கொண்ட அதே நிறுவனம்.

இந்த இரண்டாம் பாகம்தான் மேற்கில் ‘எர்த்பவுண்ட்’. நான் முதலில் ஆடியதும் இதுதான். ஆடிக்கொண்டிருக்கும்போது நாயகன் நெஸ்ஸுக்குத் திடீரென்று அம்மா ஞாபகம் வந்துவிடும். சண்டை நடுவே வீட்டை நினைத்துக்கொண்டு, தன் முறை வந்தும் சும்மா நிற்பான். மருந்து மாத்திரை எதுவும் கேட்காது. ஒரு தொலைபேசியைத் தேடிப் போய் வீட்டுக்குக் கூப்பிட வேண்டும். அம்மாவிடம் ரெண்டு வார்த்தை பேசினால் சரியாகிவிடும். ரொம்ப நேரம் தொடர்ந்து ஆடினால் அப்பா கூப்பிட்டு, கொஞ்சம் ஓய்வெடுக்கலாமே என்பார். அவர் சொல்வது நெஸ்ஸிடம் மட்டுமா, நம்மிடமும்தானா என்று ஒரு கணம் யோசிக்க வைக்கும்.

சண்டை முறையிலும் அதே அக்கறை இருக்கிறது. அடி விழுந்ததும் உயிர் எண் சட்டென்று குறையாது. வண்டி மீட்டர் சுழல்வதுபோல மெதுவாக இறங்கும். உயிர் போகிற அடியே வாங்கினாலும், எண் பூஜ்யத்தைத் தொடுவதற்குள் மருந்து கொடுத்துவிட்டாலோ சண்டையை முடித்துவிட்டாலோ ஆள் பிழைத்துக்கொள்வான். வெறும் மெனு தட்டுகிற ஆட்டத்தில் கை நடுங்க வைப்பது எவ்வளவு பெரிய விஷயம்! நாம் பலசாலி ஆகிவிட்டால் சில்லறை எதிரிகள் நம்மைப் பார்த்ததுமே ஓடுவார்கள். தொட்டால் சண்டையே இல்லாமல் வெற்றி.

அப்புறம் அந்தக் கடைசிச் சண்டை. ஆடாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள். கீகஸ் என்ற அந்தத் தீமைக்கு உருவமே கிடையாது, சிவப்பும் கறுப்புமாகச் சுழல்கிற ஒரு கலங்கல். எந்த ஆயுதமும் பலிக்காது. நண்பி பாலாவின் ‘பிரார்த்தனை’ மட்டும்தான் வழி. அதுவரை பெரிதாக யாரும் தொடாத கட்டளை அது. அவள் வேண்ட வேண்ட, வழியில் நாம் சந்தித்தவர்கள் ஒவ்வொருவராக நமக்காக வேண்டுவார்கள். கதையின் நடுவில் ஓரிடத்தில் கேம் நம் சொந்தப் பெயரைக் கேட்டு வாங்கியிருக்கும். அதை நாம் மறந்தே போயிருப்போம். கடைசிப் பிரார்த்தனை அந்தப் பெயரைத் தேடி வருகிறது. ஆடிக்கொண்டிருக்கிற நாமே வேண்டுகிறோம், கீகஸ் உடைகிறது. கேம் என்ற வடிவத்தால் மட்டுமே செய்யக்கூடியதை இவ்வளவு முழுமையாகச் செய்த இன்னொரு இடத்தை நான் பார்த்ததில்லை.

1995 ஜூனில் அமெரிக்காவில் இறங்கியபோது இது எடுபடவில்லை. ‘இந்த கேம் நாறுகிறது’ என்பதையே விளம்பர வாசகமாக்கி, சுரண்டி முகர்கிற அட்டைகளோடு விற்றார்கள். கூடவே வழிகாட்டிப் புத்தகம் வைத்த பெரிய பெட்டி, கூடுதல் விலை. சுமார் 1,40,000 பிரதிகளோடு நின்றுபோனது. ஆனால் வாங்கிய பிள்ளைகள் விடவில்லை. 1999-இல் ‘சூப்பர் ஸ்மாஷ் பிரதர்ஸ்’ சண்டை விளையாட்டில் நெஸ் வந்தபோது புதிய தலைமுறைக்கும் அவன் அறிமுகமானான். முதல் ‘மதர்’ 1990 வாக்கிலேயே ஆங்கிலத்தில் முடிக்கப்பட்டு, வெளிவராமல் கிடப்பில் போடப்பட்டது. அதன் மாதிரி கேட்ரிட்ஜ் ஒன்றைத் தேடிப் பிடித்து 1998-இல் உலகுக்குக் கொடுத்ததும் ரசிகர்கள்தான். நின்டெண்டோ அதை அதிகாரபூர்வமாக வெளியிட 2015 ஜூன் ஆகிவிட்டது.

‘மதர் 3’ இன்னும் பெரிய பாடுபட்டது. நின்டெண்டோ 64 கன்சோலுக்காகத் தொடங்கி, கண்காட்சியில் காட்டியும் ஆயிற்று; 2000-இல் நிறுத்தப்பட்டது. கடைசியில் கையில் வைத்து ஆடுகிற கேம் பாய் அட்வான்ஸில், 2006 ஏப்ரல் 20 அன்று, ஜப்பானிய மொழியில் மட்டும் வந்தது. முதல் அத்தியாயத்திலேயே ஒரு காட்சி: இரவு, மழையில் நனைந்தவர்கள் நெருப்பைச் சுற்றி நிற்கிறார்கள். ஃபிளின்ட் என்பவனிடம் ஊர்க்காரன் வந்து, ஒரு நல்ல செய்தி, ஒரு கெட்ட செய்தி என்று ஆரம்பிக்கிறான். நல்ல செய்தி, ஆயுதமாகப் பயன்படக்கூடிய டிராகோ என்ற டைனோசர் போன்ற விலங்கின் பல் ஒன்று கிடைத்தது. கெட்ட செய்தி, அது கிடைத்த இடம் ஃபிளின்ட்டின் மனைவியின் நெஞ்சு. அதுவரை வாயே திறக்காத அந்த மனிதன் எரிகிற கட்டையைத் தூக்கிக்கொண்டு கண்ணில் பட்டவர்களையெல்லாம் அடிக்கத் தொடங்குவான். சின்னச் சின்னப் புள்ளிகளால் ஆன பொம்மைகள்தான், முகம்கூடச் சரியாகத் தெரியாது. ஆனாலும் தொண்டை அடைத்துவிடும்.

ஃபிளின்ட்டின் கிராமத்தில் முதலில் பணம் என்பதே கிடையாது. மூன்று வருடம் கழித்துத் திரும்பிப் பார்த்தால் காசு வந்திருக்கும், ரயில் வந்திருக்கும், வீட்டுக்கு வீடு டிவி போன்ற ‘மகிழ்ச்சிப் பெட்டி’ வந்திருக்கும். கிழவர்கள் ஒழுகுகிற முதியோர் இல்லத்தில் இருப்பார்கள். யாரும் பிரசங்கம் செய்வதில்லை. நடந்து பார்த்து நாமே தெரிந்துகொள்கிறோம்.

ஆங்கிலப் பதிப்பு வராது என்று தெரிந்ததும், தொழில்முறை மொழிபெயர்ப்பாளரான கிளைட் மாண்டலின் தலைமையில் ரசிகர்களே மொழிபெயர்த்து 2008 அக்டோபரில் இலவசமாகக் கொடுத்தார்கள். பிறகு அந்த உரையை நின்டெண்டோவே இலவசமாகப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்றும் அவர் முன்வந்தார். இந்த ரசிகர் கூட்டத்தில் வளர்ந்தவர்தான் டோபி ஃபாக்ஸ். சிறு வயதில் எர்த்பவுண்டையே மாற்றியமைத்துப் பழகியவர். அவருடைய ‘அண்டர்டேல்’ 2015-இல் வந்தது. அதை ஆடியவர்களுக்கு இந்தத் தொடரின் மூச்சு அதில் கேட்கும்.

புதிதாகத் தொடங்குவதென்றால் இரண்டாம் பாகத்திலிருந்து தொடங்குங்கள். முதல் இரண்டும் 2022 பிப்ரவரி முதல் நின்டெண்டோவின் ஸ்விட்ச் ஆன்லைன் சந்தாவிலேயே இருக்கின்றன. முதல் பாகத்துக்குப் பொறுமை வேண்டும்; அடிக்கு ஒரு எதிரி குறுக்கே வருவான், அதனால் அதைக் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது 2024-இல் அந்தச் சந்தாவில் சேர்ந்தது, அதுவும் ஜப்பானில் மட்டும். ஆகவே அதற்கு இன்றும் அந்த ரசிகர் மொழிபெயர்ப்புதான் நமக்கு வழி.