ஆமைக்கு உதவ ஒன்றரை லட்சம் கட்ட வேண்டுமா?

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. விலங்கியல் இறுதியாண்டு படிக்கிறாள். கடல் உயிரினங்களைப் பற்றி மேலே படித்து, அந்தத் துறையிலேயே வேலைக்குப் போக வேண்டும் என்கிறாள். இணையத்தில் தேடினால் கடல் ஆய்வு, கடல் பாதுகாப்பு என்று உலகம் முழுக்க எக்கச்சக்கமான அமைப்புகள். அதில் ஒன்று, வெளிநாட்டுக் கடற்கரையில் நான்கு வாரம் ஆமைகளுக்கான தன்னார்வப் பணிக்கு ஒன்றரை லட்சம் ரூபாய் கட்டச் சொல்கிறது. விமானச் செலவு தனி. கட்டலாமா? எதை நம்புவது? – ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: இப்போதைக்குக் கட்டாதீர்கள் அம்மா. பணம் கேட்கிற அமைப்பெல்லாம் ஏமாற்று என்று சொல்ல வரவில்லை. தங்குமிடம், சாப்பாடு, படகு என்று அவர்களுக்கும் செலவு உண்டு. ஆனால் உங்கள் மகளுக்கு இன்றைக்குத் தேவைப்படுவது அந்த நான்கு வாரத்தில் கிடைக்காது.

எந்த அமைப்பாக இருந்தாலும் மகளை ஒரே ஒரு கேள்வியை மின்னஞ்சலில் கேட்கச் சொல்லுங்கள்: "நாங்கள் அங்கே எண்ணி, அளந்து தருகிற தகவல் கடைசியில் எங்கே போகிறது?" உருப்படியாக வேலை செய்கிறவர்கள் இதற்கு நேராகப் பதில் சொல்வார்கள். வெறும் சூரிய அஸ்தமனப் படங்களை அனுப்பினால் விட்டுவிடலாம்.

ஏன் இந்தக் கேள்வி என்றால், கடல் அறிவியல் நிற்பதே இதில்தான். 1884-இல் தொடங்கிய கடல் உயிரியல் சங்கம் இங்கிலாந்தின் பிளிமத் நகரில் இருக்கிறது. இன்று அவர்கள் நடத்தும் ஓர் ஆய்வில் சரக்குக் கப்பல்களின் பின்னால் உலோகப் பெட்டி ஒன்றைக் கட்டி இழுத்துப் போகிறார்கள். நீளம் ஒரு மீட்டர் அளவுதான். முன்பக்கத்தில் சின்னச் சதுர ஓட்டை, ஓர் அங்குலத்தில் பாதி. அதன் வழியாகத் தண்ணீர் உள்ளே போகும். பெட்டிக்குள் ஒரு பட்டுத் துணிச் சுருள் மெதுவாக நகர்ந்துகொண்டே இருக்கும். கண்ணுக்குத் தெரியாத மிதவை உயிரிகள் அந்தப் பட்டில் ஒட்டிக்கொள்ள, இன்னொரு பட்டு மேலே மூடி, இரண்டும் சேர்ந்து, அழுகாமல் காக்கும் ஃபார்மலின் திரவத்துக்குள் சுருண்டு விழும். கரைக்கு வந்தபின் துண்டு துண்டாக வெட்டி நுண்ணோக்கியில் வைத்து எண்ணுவார்கள். ஆலிஸ்டர் ஹார்டி என்ற ஆய்வாளர் உருவாக்கிய கருவி இது. வணிகக் கப்பல்கள் 1931-இலிருந்து இழுத்துக்கொண்டிருக்கின்றன.

பழைய பட்டுத் துணிகளை அவர்கள் தூக்கிப் போடவில்லை. கடலில் நுண் பிளாஸ்டிக் எப்போதிலிருந்து பெருகியது என்ற கேள்வி வந்தபோது, 1960-களிலிருந்து இருந்த அந்த மாதிரிகளையே எடுத்துப் பார்த்து, அது கூடிவந்திருப்பதை 2004-இல் ஓர் ஆய்வுக் குழு காட்டியது. எடுத்துவைத்தவர்கள் அன்று பிளாஸ்டிக்கை நினைத்துக்கூடப் பார்த்திருக்க மாட்டார்கள். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த கதை இதுதான்.

கடற்கரைச் சுத்தம் செய்கிற வேலையிலும் இதே கணக்குதான். அமெரிக்காவின் ஓஷன் கன்சர்வன்சி அமைப்பு 1986-இல் டெக்சாஸில் தொடங்கிய கடற்கரைத் தூய்மைப் பணி இன்று உலகம் முழுக்க நடக்கிறது. அதில் குப்பையைப் பொறுக்கினால் மட்டும் போதாது. மூடி எத்தனை, உறிஞ்சுகுழல் எத்தனை என்று அட்டையில் குறிக்க வேண்டும். ஊரில் இப்படிப் பணி எங்கே நடந்தாலும், குறித்துக்கொண்டு செய்கிறார்களா என்று பார்த்து மகளை அனுப்புங்கள்.

சரி, பெரிய ஆய்வு நிறுவனங்கள்? அமெரிக்காவில் சான் டியேகோவின் ஸ்கிரிப்ஸ், மாசசூசெட்ஸின் உட்ஸ் ஹோல், நம் கோவாவின் தேசியக் கடலியல் நிறுவனம் போன்றவை மாணவர்களையும் ஆய்வாளர்களையும் எடுப்பவை. தன்னார்வலர்களை நம்பி நடப்பவை அல்ல. அங்கே போக ஆர்வத்தோடு புள்ளியியலும் கொஞ்சம் கணினி நிரல் எழுதத் தெரிவதும் வேண்டும். அதைத் திண்டுக்கல்லில் உட்கார்ந்தே தொடங்கலாம். உலகக் கடல்களில் ஏறக்குறைய 4,000 ஆர்கோ மிதவைகள் இருக்கின்றன. ஒவ்வொன்றும் 1,000 மீட்டர் ஆழத்தில் மிதந்து, 10 நாளுக்கு ஒருமுறை 2,000 மீட்டர் வரை இறங்கி, வெப்பமும் உப்புத்தன்மையும் அளந்தபடி மேலே வந்து, செயற்கைக்கோளுக்குத் தகவல் அனுப்பும். இந்தியாவின் பங்கை ஐதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் (INCOIS) என்ற கடல் தகவல் சேவை மையம் கவனிக்கிறது. அத்தனை தரவும் யாருக்கும் இலவசம். வங்காள விரிகுடாவின் ஒரு மிதவையை எடுத்து ஓராண்டு வெப்பநிலையை வரைபடமாக்கிக் காட்டினால், பேராசிரியர்கள் சான்றிதழைவிட அதைத்தான் பார்ப்பார்கள். இதே இன்காய்ஸ் குறுகிய காலப் பயிற்சிகளும் நடத்துகிறது. அறிவிப்புகளைக் கவனித்து வரச் சொல்லுங்கள்.

கிரீன்பீஸ், ஸீ ஷெப்பர்டு போன்றவை போராட்ட அமைப்புகள். அவற்றின் பணி வேறு, அங்கே தேவைப்படும் திறமையும் வேறு.

ஆமைதான் பார்க்க வேண்டும் என்றால் சென்னைக்கு அனுப்புங்கள். 1988-இலிருந்து மாணவர்களே நடத்திவரும் கடலாமைப் பாதுகாப்பு அமைப்பு ஒன்று அங்கே இருக்கிறது, எஸ்எஸ்டிசிஎன் என்பார்கள். பங்குனி ஆமை எனப்படும் ஆலிவ் ரிட்லி ஆமைகள் ஜனவரியிலிருந்து கரையேறும். நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரை நடுராத்திரியில் மணலில் நடப்பார்கள். டிராக்டர் சக்கரம் போனதுபோல் தடம் தெரிந்தால் நிற்பார்கள். குச்சியால் மெல்லக் குத்திப் பார்ப்பார்கள். மணல் எங்கே இளக்கமாக உள்ளே வாங்குகிறதோ, அங்கே கையால் தோண்டுவார்கள். முட்டைகள் நூறு, அதற்கு மேலும் இருக்கும். எண்ணிக் குறித்து, பொரிப்பகத்தில் அதே ஆழத்தில் குழி எடுத்துப் புதைப்பார்கள். சுமார் ஒன்றரை மாதத்தில் குஞ்சு வரும். ஒன்றரை லட்சம் கொடுத்துக் கற்கப்போவதும் இதைத்தான்.

அப்புறம் மேற்படிப்பு. வெள்ளாற்று முகத்துவாரத்தில், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம் இருக்கிறது. ஆறும் கடலும் அலையாத்திக் காடும் கைக்கெட்டும் தூரத்தில் உள்ள வகுப்பறை அது. முதுகலையை அங்கே முடிக்கலாம். வெளிநாட்டில்தான் முதுகலை என்றால் ஐரோப்பாவில் பெல்ஜியத்தின் கென்ட் பல்கலைக்கழகம் ஒருங்கிணைக்கும் ஐஎம்பிஆர்ஸீ (IMBRSea) என்ற கடல் உயிர்வளப் படிப்பு இருக்கிறது. ஐரோப்பிய ஒன்றியத்தின் எராஸ்மஸ் முண்டஸ் உதவித்தொகை அந்த ஆண்டு உண்டா என்று பார்த்து விண்ணப்பிக்கலாம். ஆய்வுக்குள் வந்தபிறகு, வளரும் நாட்டு இளம் ஆய்வாளர்களை வெளிநாட்டு ஆய்வகங்களுக்குத் தங்கள் செலவிலேயே அனுப்பும் போகோ (POGO) என்ற கடல் ஆய்வு நிறுவனங்களின் கூட்டமைப்பும் உண்டு. திறமை இருந்தால் இந்தத் துறையில் அவர்கள்தான் நமக்குப் பணம் தருவார்கள். அதனால்தான் முதலிலேயே கட்டாதீர்கள் என்றேன்.

ஒன்று மட்டும் தள்ளிப்போட வேண்டாம். மகளுக்கு நீச்சல் தெரியாதென்றால் இந்த விடுமுறையிலேயே சேர்த்துவிடுங்கள்.