கறுப்பு நாய்க்குட்டிக்கு ஓர் இலக்கியப் பெயர்

கேள்வி: எங்கள் வீட்டுக்குக் கறுப்பு ஆண் நாய்க்குட்டியொன்று வந்திருக்கிறது. உயர்தரத்தில் தமிழ் படிக்கும் மகள் இலக்கியப் பெயர்தான் வேண்டும் என்கிறாள். மாமியோ ஜிம்மி என்றே கூப்பிடுகிறார். எதை வைக்கலாம்? (ஹட்டனுக்கு அருகிலுள்ள தோட்டமொன்றிலிருந்து ஒரு வாசகி)

பதில்: மகளின் விருப்பம் நல்ல விருப்பம். ஆனால் ஏட்டில் அழகாக இருக்கும் பெயரெல்லாம், பனிமூட்டத்தில் தேயிலை மலையின் மேலிருந்து உரக்கக் கூப்பிடும்போது நாயின் காதில் தெளிவாக விழுவதில்லை என்பதால், நெடிலில் தொடங்கும் இரண்டெழுத்துப் பெயரையே முதலில் தேடுங்கள். செங்குட்டுவன் போன்ற நீண்ட பெயரை வீட்டார் விரைவில் ஆளுக்கொரு விதமாகக் குறுக்கிவிடுவார்கள்.

கடையெழு வள்ளல்களுள் பாரி, காரி, ஓரி ஆகிய மூவரின் பெயர்களும் இந்த அளவுக்குப் பொருந்துகின்றன. உங்கள் குட்டியின் நிறத்துக்குக் காரி என்பதே என் தெரிவு. சிறுபாணாற்றுப்படை காரியின் குதிரையைக் காரி என்றும் ஓரியின் குதிரையை ஓரி என்றும் சொல்வதால், வள்ளலின் பெயரை விலங்குக்கு வைப்பது தகுமா என்ற தயக்கம் வேண்டியதில்லை. ஆயினும் உங்கள் லயத்திலோ அடுத்த லயத்திலோ மாரி என்று யாரேனும் இருந்தால் காரியைத் தவிர்த்து ஓரியை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்திலிருந்து கேட்பவருக்கு இரண்டும் ஒன்றாகவே ஒலிக்கும், அவர் மனம் நோகக்கூடும்.

மாமியின் மனத்துக்குப் பிடித்தது இதிகாசமாக இருந்தால், தம்மைப் பின்தொடர்ந்து வந்த நாயை விட்டுவிட்டுச் சொர்க்கம் புக மறுத்த தருமரின் கதையை அவருக்கு நினைவூட்டலாம். அந்த நாய்க்கு மகாபாரதம் பெயர் தரவில்லை. தருமன் என்று வைத்தால் அது அயலவர் பெயராகவும் இருந்துவிடலாம். பிறமொழி இலக்கியத்திலிருந்து வேண்டுமானால், ஹோமரின் ஒடிசியில் 20 ஆண்டுகளுக்குப் பிறகு திரும்பிய எசமானை அடையாளம் கண்டுகொண்ட ஆர்கோஸ் என்ற நாயின் பெயர் கூப்பிடுவதற்கும் நன்றாக இருக்கும்.

வாலி வேண்டாம், 'வா' என்ற கட்டளையோடு குட்டி அதைக் குழப்பிக்கொள்ளும்.

தீர்மானித்தபின் மாமி உட்பட எல்லோரும் அந்த ஒரே பெயரால் அழைக்க வேண்டும். பெயரைச் சொன்னவுடன் குட்டி திரும்பிப் பார்த்தால் உடனே ஒரு சிறு துண்டு உணவு கொடுங்கள். கண்டிக்கும்போது அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள். விசர்நாய்த் தடுப்பூசி அட்டையிலும் அதே பெயரை எழுதச் சொல்லுங்கள்.