பாரிமுனைக் கல்லும் பக்கிங்ஹாம் கால்வாயும்

அன்புள்ள ஐயா,

போன வாரம் உயர் நீதிமன்றத்தின் கிழக்கு மதிலோரம் நடந்து போகும்போது எம்டன் கல்வெட்டைப் பார்த்தேன். நின்று படித்தது நான் ஒருவன்தான். பக்கத்தில் இளநீர் விற்றவரிடம் கேட்டால், “ஏதோ வெள்ளைக்காரன் காலத்துக் கல்லு சார்” என்றார். எனக்கும் அப்படித்தான் படுகிறது. சென்னைத் தெருக்களில் மிஞ்சியிருக்கும் பழைய கற்கள் எல்லாம் அவர்கள் கதையைத்தானே சொல்கின்றன? அவற்றை அருங்காட்சியகத்துக்கு அனுப்பிவிட்டு நம் ஆட்களின் பெயரை அங்கே எழுதினால் என்ன? உங்களை ஒரே ஒரு கல் நடச் சொன்னால் எங்கே நடுவீர்கள்?

க., ராயப்பேட்டை

அன்புள்ள க.,

இளநீர்க்காரர் சொன்னதில் தப்பில்லை. எம்டன் முதல் உலகப் போரில் வந்த ஜெர்மானியப் போர்க்கப்பல், அது குறிவைத்தது ஆங்கிலேயரின் துறைமுகத்தை. ஆனால் 1914 செப்டம்பர் 22 இரவு அதன் குண்டு பட்டு பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தபோது அந்த வெளிச்சத்தைப் பார்த்து நடுங்கியது இந்த ஊர். அடுத்த சில நாட்களில் மூட்டை முடிச்சோடு கிளம்பிப் போனவர்கள் நம் ஆட்கள்தான். மதிலில் குண்டு பட்ட இடத்தைக் காட்டத்தான் கல் அங்கே இருக்கிறது. எழும்பூர் அருங்காட்சியகத்தில் கொண்டுபோய் வைத்தால் அது வெறும் தேதி.

சிலை வேறு விஷயம். 1857 கிளர்ச்சியைக் கொடூரமாக அடக்கிய ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலை மவுண்ட் ரோட்டில் நின்றது. 1927இல் அதை எடுக்கச் சொல்லிச் சத்தியாகிரகம் நடந்தது, 1937இல் அருங்காட்சியகத்துக்குப் போனது. போனது சரி. சிலை மரியாதை செய்வதற்காக வைப்பது, அந்த மரியாதையைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம். நடந்ததைச் சொல்லும் கல்லிடம் திரும்ப வாங்க என்ன இருக்கிறது?

அடுத்த முறை அந்தப் பக்கம் போனால் பாரிமுனை வரை நடந்து, டேர் ஹவுஸ் மூலையில் இருக்கும் தூணையும் பாருங்கள். 1773இல் நட்ட ஆறு எல்லைத் தூண்களில் மிஞ்சியது அது ஒன்றுதான். கோட்டைக்கும் அந்தத் தூண்களுக்கும் நடுவே யாரும் வீடு கட்டக் கூடாது என்பது கிழக்கிந்தியக் கும்பினியின் உத்தரவு. எதிரி வந்தால் பீரங்கிக்கு முன்னால் வெட்டவெளி வேண்டுமாம். சரி, அந்த வெட்டவெளி எப்படி வந்தது? இன்று உயர் நீதிமன்றம் இருக்கும் இடத்தில்தான் பழைய கறுப்பர் நகரம் இருந்தது. 1746இல் கோட்டையைப் பிடித்த பிரெஞ்சுக்காரர்கள் அதில் ஒரு பகுதியை இடித்தார்கள், பின்னால் ஆங்கிலேயர்கள் மிச்சத்தை இடித்தார்கள். சென்னகேசவப் பெருமாள் கோயிலும் அதோடு போயிற்று. இன்று பூக்கடைப் பக்கம் நீங்கள் பார்க்கிற கோயில் அதற்குப் பதிலாகப் பிறகு எழுந்தது. தூணில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. ஆனாலும் தறிக்காரரும் வியாபாரியும் குடியிருந்த ஒரு ஊரை வழித்தெடுத்ததற்குத் தெருவில் நிற்கும் சாட்சி அது. ‘வெள்ளைக்காரன் கல்லு’ என்று அதைப் பெயர்த்துவிட்டால் நஷ்டம் நமக்கு.

சைதாப்பேட்டையில் அடையாற்றுக்கு 1726இல் பாலம் கட்டிக்கொடுத்த அர்மீனிய வியாபாரி உஸ்கானின் கல்லையும் இதே கணக்கில்தான் சேர்ப்பேன். அதிலும் தமிழ் இல்லை. பக்கத்தில் தமிழில் ஒரு பலகை வைப்பதற்கு எந்தக் கல்லையும் நகர்த்த வேண்டியதில்லை.

‘நம் ஆட்களின் பெயர்’ என்கிறீர்கள். நம் தெருக்களில் அதற்குப் பஞ்சமா என்ன? பேருந்து நிழற்குடை, கழிப்பறை, பூங்காவின் கேட், எல்லாவற்றிலும் கருப்பு கிரானைட்டில் திறந்து வைத்தவர், முன்னிலை வகித்தவர், சிறப்புரை ஆற்றியவர் என்று வரிசையாக இருக்கிறது. அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது மட்டும் இருக்காது.

நான் கல் நடுவதென்றால் பக்கிங்ஹாம் கால்வாய் ஓரம் நடுவேன். எண்ணூர்ப் பக்கம் போகும் வடபகுதி பழசு, 1806இல் தொடங்கியது. அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் எட்டு கிலோமீட்டர்த் துண்டு 1877-78இல் வெட்டியது. 1876-78 தாது வருஷப் பஞ்சத்தின் நிவாரண வேலை அது. பிழைக்க வழியில்லாமல் பட்டணத்துக்கு வந்து சேர்ந்த ஜனங்கள் மண் வெட்டிச் சுமந்த கால்வாய். 1877 தொடக்கத்தில் நிவாரண வேலைக்கு அரசு குறைத்து வைத்த கூலி என்ன தெரியுமா? ஆண் ஒருவருக்கு நாளைக்கு ஒரு ராத்தல் (அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு) தானியத்தின் விலை, கூட ஓர் அணா. பஞ்ச நிவாரணத்தைக் கவனிக்க இந்திய அரசு அனுப்பிய அதிகாரி ரிச்சர்ட் டெம்பிள் போட்ட கணக்கு. இதைத் தின்று உடலுழைப்பு செய்ய முடியாது என்று சுகாதார ஆணையர் கார்னிஷ் சண்டை போட்டார், சில மாதம் கழித்துத்தான் கூட்டினார்கள். கால்வாய்க்குப் பெயர் கிடைத்தது அப்போதைய கவர்னருக்கு, பக்கிங்ஹாம் பிரபுவுக்கு.

இன்று அதற்குள் பறக்கும் ரயிலின் தூண்கள் நிற்கின்றன. மயிலாப்பூரில் அந்தப் பாலத்தைத் தாண்டுகிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள், அதையும் குறை சொல்ல முடியாது. பஞ்சத்தைப் பற்றி அங்கே ஒரு பலகையும் என் கண்ணில் பட்டதில்லை.

திருமயிலை ரயில் நிலையத்தில் படியேறும் இடம் தோதானது. ரயிலுக்கு நிற்கிறவர்கள் படிப்பார்கள். தமிழில், கண் மட்டத்தில், எந்த வருஷம், எதற்காக, யார் வெட்டினார்கள், என்ன கூலி என்று நான்கு வரி. திறந்து வைத்தவர் பெயருக்கு இடம் விட வேண்டாம்.