எடுக்க எடுக்கக் குப்பை சேரும் தெருமுனை: என்ன செய்யலாம்?

கேள்வி: வில்லிவாக்கத்தில் எங்கள் தெருமுனையில் மின்வாரியத்தின் பில்லர் பாக்ஸ் (வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) ஒன்று இருக்கிறது. அதைச் சுற்றி எப்போதும் குப்பை. அங்கிருந்த தொட்டியை எடுத்துவிட்டார்கள். குப்பை எடுக்கும் பேட்டரி வண்டி வாசலுக்கே வருகிறது. ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று நலச்சங்கத்தில் போர்டும் வைத்தோம். போர்டுக்குக் கீழேயே கொட்டுகிறார்கள். மக்களுக்குப் பொறுப்புணர்வு வர என்ன வழி?

பதில்: பொறுப்புணர்வு மெதுவாக வரட்டும். முதலில் அந்தப் போர்டைக் கழற்றுங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

2008-இல் வெளியான ஓர் ஆய்வுக்காக நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில், சைக்கிள் நிறுத்தும் சந்து ஒன்றில் சோதனை நடத்தினார்கள். சுவரில் ‘இங்கே கிறுக்கக் கூடாது’ என்று பலகை. சைக்கிள் ஹேண்டில்பாரில் விளம்பரத் தாள் மாட்டியிருக்கும். பக்கத்தில் தொட்டி கிடையாது. சுவர் சுத்தமாக இருந்தபோது 33 சதவீதம் பேர் தாளைக் கீழே போட்டார்கள். அதே சுவரில் கிறுக்கி வைத்ததும் 69 சதவீதம். அதே ஊர், அதே மாதிரி ஆட்கள்தான். தடை போட்டிருக்கிறார்கள், மீறினாலும் ஒன்றும் ஆகாது என்பதை அந்தச் சுவரே சொல்லிவிட்டது. உங்கள் போர்டும் இப்போது அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறது.

சரி, யார் கொட்டுகிறார்கள்? குவியலையே கேளுங்கள். ஒரு நாள் காலை, வண்டி வந்து அள்ளுவதற்கு முன்னால், கையுறை போட்டுக்கொண்டு கிளறிப் பாருங்கள். முடிச்சுப் போட்ட கேரி பேக்கில் காய்கறித் தோலும் பால் பாக்கெட்டும் இருந்தால் அது வீட்டுக் குப்பை. வண்டி வரும் நேரத்துக்கு முன்பே வேலைக்குக் கிளம்பிவிடுகிறவர்கள், இரவில் பைக்கில் போகிறபோக்கில் வீசியதாக இருக்கும். பார்சல் டப்பாவும் பீட்சா அட்டையுமாக இருந்தால் பக்கத்தில் பேச்சிலர் பையன்கள் வாடகைக்கு இருக்கிறார்களா என்று பாருங்கள்; வீட்டு ஓனர் அவர்களிடம் வண்டி நேரத்தைச் சொல்லியே இருக்க மாட்டார். வாழை இலையும் முட்டை ஓடும் மூட்டையாகக் கிடந்தால் தள்ளுவண்டிக் கடை. இளநீர் மட்டைக்கு விளக்கம் தேவையில்லை. இதையெல்லாம் உங்களைவிட நன்றாக அறிந்தவர் அங்கே தினமும் அள்ளுகிற தூய்மைப் பணியாளர்தான். அவரிடம் யாரும் கேட்பதில்லை.

பெரும்பாலும் கடைசியில் வந்து நிற்பது நேரப் பிரச்சினையில்தான். 1989-இல் எம்.பி. (M.B.) நிர்மல் என்பவர் சென்னையில் தொடங்கிய எக்ஸ்னோரா என்ற அமைப்பு, தெருக்காரர்களே மாதாமாதம் கொஞ்சம் பணம் போட்டு, மூன்று சக்கர வண்டியில் வீடு வீடாகக் குப்பை எடுக்க ஆள் வைக்கும் முறையைப் பரப்பியது. எந்த வீடு எப்போது திறந்திருக்கும் என்று அந்த ஆளுக்குத் தெரியும். பேட்டரி வண்டிக்கு அதெல்லாம் தெரியாது. பாட்டுப் போட்டுக்கொண்டு வரும், போகும். அதனால் வண்டி நேரத்தை மாற்ற முடியுமா, வாரத்தில் சில நாளாவது தாமதமாக வருமா என்று உங்கள் வார்டின் துப்புரவைக் கவனிக்கும் மாநகராட்சி கன்சர்வன்சி இன்ஸ்பெக்டரிடம் பேசுங்கள். முடியாது என்றால், சீக்கிரம் கிளம்புகிறவர்கள் மூடிபோட்ட பக்கெட்டைப் பக்கத்து வீட்டுத் திண்ணையில் வைத்துவிட்டுப் போகட்டும். ‘அக்கா, வண்டி வந்தா இதைக் கொஞ்சம் குடுத்துடுங்க’ என்று கேட்டால் மறுப்பவர்கள் குறைவு. மக்கும் குப்பை, மக்காத குப்பை தனித்தனி பக்கெட். டயப்பர், நாப்கினைத் தாளில் சுற்றித் தனியாகக் கொடுக்க வேண்டும். 2016-ஆம் ஆண்டு திடக்கழிவு மேலாண்மை விதிகளிலேயே இதெல்லாம் சொல்லப்பட்டது.

இந்த ஏற்பாடெல்லாம் முடிந்த பிறகுதான் இடத்தைச் சுத்தம் செய்ய வேண்டும். அவசரப்பட்டு முன்னாலேயே செய்தால் மறுநாள் காலையில் பழைய கதைதான். ஒரே நாளில் முழுக்க அள்ளிக் கழுவி, அன்றே அந்த இடத்தை யாராவது புழங்கும்படி செய்துவிடுங்கள். இஸ்திரி வண்டிக்காரரோ பூக்கார அம்மாவோ நிழல் தேடிக்கொண்டிருந்தால், பில்லர் பாக்ஸிலிருந்து நாலடி தள்ளி இடம் காட்டுங்கள். ஆள் நிற்கிற இடத்தில் குப்பை போடக் கை வராது. காவல் வேலையை மட்டும் அவர் தலையில் கட்டாதீர்கள். முதல் சில வாரம் ஒரு பை விழுந்தாலும் உடனே எடுத்துவிட வேண்டும், ஏனென்றால் முதல் பைதான் இரண்டாவதைக் கூப்பிடும்.

சுவரில் சாமி படம் ஒட்டலாமா என்று அடுத்து கேட்பீர்கள். சிறுநீர் கழிக்கிறவர்களை அது ஓரளவு தடுக்கும். குப்பை மூட்டை பத்தடி நகர்ந்து சாமிக்கு எதிரே விழும், அவ்வளவுதான். சிசிடிவி படத்தை வாட்ஸ்அப் குழுவில் போட்டு மானத்தை வாங்குவதும் எனக்கு உடன்பாடில்லை. திருந்துகிறவர்களைவிடச் சண்டைக்கு வருகிறவர்கள்தான் அதிகம். நேரில் போய், தனியாகச் சொல்லுங்கள். சொல்லியும் கடைக்காரர் கேட்கவில்லை என்றால் தயங்காமல் மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் கொடுங்கள். புகார் எண்ணைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள். கட்டட இடிபாடு கொட்டினாலும் அதே எண்தான்.

இன்னொன்று, இது அவசரம். பில்லர் பாக்ஸின் கதவு சரியாக மூடுகிறதா என்று இன்றைக்கே பாருங்கள். குப்பையைக் கொளுத்திவிட்டால் கேபிளே எரியும்; ஐப்பசி மழையில் தண்ணீர் தேங்கினால் ஷாக் அடிக்கும் ஆபத்தும் உண்டு. கதவு உடைந்திருந்தால் கை வைக்காமல் மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகத்தின் 94987 94987 எண்ணுக்குச் சொல்லிவிடுங்கள்.